மாளய அமாவாசையும் மாண்டோர் கடனும்





இன்று புரட்டாசித் திங்கள் அமாவாசை. நமக்கு இஃது உபோசத நாள். ஊராருக்கு மாளய அமாவாசை. மாரிகுப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் நடந்து வந்தவர்கள் வழியில் கண்டிருப்பீர்கள். முச்சந்திதோறும் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய். லைன் வீட்டுக் கூரைமேல் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு. அதன் கீழ் நின்று காக்கையைக் கூவியழைக்கும் ஒரு கிழவர். இவற்றையெல்லாம் கடந்து இங்கு வந்து அமர்ந்த நீங்கள், நாம் யாதொன்றும் செய்யவில்லையே, நம்மவர் பசியோடு திரிவரோ என்று உள்ளூர ஒரு கணமேனும் நினைத்திருப்பீர்கள். நினைக்கவில்லை என்பாரை நாம் வாழ்த்துகிறோம், ஆயினும் நம்புவதற்கில்லை.

சென்ற வாரம் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். அவர் மகள் பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வரும் அக்டோபர் 31-ஆம் நாள் கல்லூரியில் ‘ஹாலோவீன்’ கொண்டாட்டமாம். எலும்புக்கூட்டு முகமூடி ஒன்றை வாங்கி வந்து வீட்டில் மாட்டியிருக்கிறாள். அதே வீட்டில் பாட்டி, அமாவாசைக்குப் படையல் போடவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். மகனார் இரண்டையும் மூடநம்பிக்கை என்று கடிந்திருக்கிறார். பேத்தியோ, “ஆயா நம்பித்தானே செய்யுது, நாங்க விளையாட்டுக்குச் செய்யறோம், ரெண்டும் ஒண்ணா அப்பா?” என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு விடை தெரியவில்லை, நம்மிடம் வந்தார். நல்ல கேள்வி. விளையாட்டுப் பேயும் வேண்டாம், வினைப் பேயும் வேண்டாம் என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் வேலை எளிது. நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் வெட்டினோம். வெட்டியதால் நேர்ந்ததைப் பின்னர்ச் சொல்வோம்.

முதற்கண் அந்தப் பெங்களூர்ப் பேயைப் பார்ப்போம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்ட்டிய மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் இரவைச் ‘சவின்’ என்று போற்றினர். மலைமேய்ச்சலுக்குப் போன கால்நடைகள் இறங்கி வரும் காலம் அது. பகல் குறுகி இருள் நீளத் தொடங்கும். இறந்தோர் உலகுக்கும் இருப்போர் உலகுக்கும் இடையிலுள்ள கதவு அன்றிரவு திறக்கும் என்று நம்பினர். மேட்டில் பெருந்தீ மூட்டினர். பின்வந்த கிறித்துவத் திருச்சபை நவம்பர் 1-ஆம் நாளைப் புனிதர் அனைவர்க்கும், 2-ஆம் நாளை மரித்தோர் அனைவர்க்கும் உரியதாக்கியது. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. இங்கிலாந்தில் அந்நாள்களில் ஏழைகள் வீடுவீடாகச் செல்வர். அவ்வீட்டு இறந்தோர்க்காகச் செபிப்பதாகச் சொல்வர். வீட்டார் ‘ஆன்ம அப்பம்’ என்றொரு பணியாரத்தை அவர்களுக்குக் கொடுப்பர். இந்த அப்பத்தை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்கு வேண்டும். ஐரிஷ் மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கேற்றி வைத்தனர். அவர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின், குடைவதற்கு எளிதாக அங்குப் பெரும் பூசணி கிடைத்தது. அவர்கள் பூசணியைக் குடைந்து விளக்கு வைக்கிறார்கள். நம்மவர் அதை நடுத்தெருவில் உடைத்துவிட்டுப் போகிறார்கள், பின்னால் சைக்கிளில் வருபவன் வழுக்கி விழுகிறான். இரண்டில் அவர்கள் முறை மேல் என்றே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் கடல் கடந்த சங்கதி, நம் தங்கவயலுக்கு என்ன என்பீர்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றியபோது, ஆழச் சுரங்கம் வெட்டத் தெரிந்தவர்களாக அழைத்து வரப்பட்டவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார். வெள்ளீயமும் செம்பும் தோண்டிப் பழகியவர்கள். அவர்கள் நாட்டில் இதே அக்டோபர்க் கடைசி இரவை ஆலன் நாள் என்பர். பெரிய சிவந்த ஆப்பிளை வீட்டாருக்கு நற்பேறு வேண்டிக் கொடுப்பர். அவர்களிடையே இன்னொரு கதையும் உண்டு. சுரங்கத்துக்குள் ‘தட்டுவோர்’ என்னும் குட்டி ஆவிகள் உண்டாம். பாறைக்கு அப்பாலிருந்து தட்டுமாம். சில வேளை தாது இருக்கும் இடத்தைக் காட்டுமாம். சில வேளை இடிவதற்கு முன் எச்சரிக்குமாம். தம் உணவில் ஒரு துண்டை அவற்றுக்கு என்று விட்டு வருவார்களாம்.

நம் பாட்டனார் கார்ன்வாலைக் கண்டவரல்லர். வட ஆற்காட்டிலிருந்து கால்நடையாக இங்கு வந்தவர். அவரும் இதையே சொன்னார். “கீழே பாறை பேசும்டா, செத்தவன் தட்டுறான், கேட்டா மேலே வந்துடு” என்பார். இரு நாட்டு ஏழைத் தொழிலாளிகளும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பேயைக் கண்டது எவ்வாறு? பேய் ஒன்றாயிருந்ததால் அன்று, பாறை ஒன்றாயிருந்ததால். சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் மேலாக இறங்கியது. அவ்வாழத்தில் மேலுள்ள நிலத்தின் சுமை முழுதும் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. தாதை வெட்டியெடுத்த வெற்றிடத்தில் அச்சுமையைத் தாங்குவார் இல்லை. சுற்றியுள்ள பாறை நெரிகிறது. விரிசல் விடும்போது தட்டுவது போல் ஒலிக்கிறது. தாங்கும் எல்லை கடந்தால் வெடிகுண்டுபோல் சிதறுகிறது. இதை ஆராயவே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இவ்வூரில் தொடங்கப்பட்டது. பாட்டனார் கேட்ட ஒலி மெய்; அவர் அதற்கு இட்ட பெயர் பிழை. ஒலி கேட்டால் மேலே வந்துவிடு என்றாரே, அந்த அறிவுரை மெய்யினும் மெய். 1965-இல் அதே சாம்பியன் ரீப்பில் ஏழாயிரத்து ஐந்நூறு அடி ஆழத்தில், கண்ணுக்குப் புலப்படாத நியூட்ரினோத் துகளின் தடத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள். ஒரே இருட்டில் ஒருவர் பேயைக் கண்டார், ஒருவர் உலகின் நுண்பொருளைக் கண்டார். பாட்டனார் கையில் கருவி கொடுப்பார் இருந்திருந்தால் அவரும் எதைக் கண்டிருப்பாரோ!

இனி நம் நாட்டு மாளயம். இதற்கு ஊரார் சொல்லும் கதை கர்ணன் கதை. கொடையில் சிறந்த கர்ணன் இறந்து மேலுலகம் புகுந்தபோது, உண்பதற்கு அவன் முன் பொன்னையும் மணியையும் வைத்தார்களாம். பசிக்கிறதே என்றான். நீ வாழ்நாளெல்லாம் பொன்னையே கொடுத்தாய், முன்னோர் பெயரால் ஒருவேளைச் சோறு இட்டதில்லை என்றார்களாம். பதினைந்து நாள் தவணை பெற்று அவன் பூமிக்குத் திரும்பி அன்னமிட்டான். அப்பதினைந்து நாளே மாளய பட்சம் என்பது கதை. தங்கவயலில் பிறந்த நமக்கு இக்கதை சிரிப்பையும் தருகிறது, வேறொன்றையும் தருகிறது. நூற்றிருபது ஆண்டுகள் நம்மவர் பொன்னைத் தோண்டினார்கள். நாமும் பதினோராண்டுகள் மில்லில் தாதுக் கல்லை அரைத்துப் பொடியாக்கிக் கொடுத்தோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடியபோது நம்மிடம் எஞ்சியது ஊர் நடுவே நிற்கும் சயனைட் மண்மேடும், மார்பில் ஒட்டிய தூசியுமே. பொன்னைத் தின்ன முடியாது என்பதைக் கர்ணன் செத்தபின் அறிந்தான்; நாம் இருக்கும்போதே அறிந்தோம்.

நிற்க. இக்கதைகளில் இருவகை உணர்ச்சி கலந்து கிடக்கின்றது. ஒன்று அச்சம்; மற்றொன்று அன்பு. இறந்தவன் வந்து என்னைப் பிடிப்பான் என்பது அச்சம். இறந்தவன் பசித்திருப்பானே என்பது அன்பு. பூசாரியும் புரோகிதனும் பிழைப்பது இவ்விரண்டையும் பிரிக்கவிடாமல் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதால்தான். நம் கூட்டத்தார் செய்யும் பிழையும் அங்கேயே இருக்கின்றது. முடிச்சை அவிழ்ப்பதை விட்டு முடிச்சோடு அறுத்து எறிந்துவிடுகிறோம்.

நாம் எறிந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

நமக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது, 1978-ஆம் ஆண்டில், நம் தந்தையார் ஒரு சுரங்கத்தில் பாறை வெடிப்பில் இறந்தார். இரவு ஷிப்டுக்குப் போனவர். நிலம் அதிர்ந்தது; வீட்டில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் உருண்டன. நம் தாயார் விளக்கையேற்றிக்கொண்டு வாயிலில் வந்து அமர்ந்தார். லைன் முழுவதும் வாயில்தோறும் விளக்கோடு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். யார் வீட்டுக்கு ஆள் வரும் என்று யாரும் யாரையும் பார்க்கவில்லை. விடிந்தபின் நம் வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள்தான் உடலை மேலே கொண்டுவந்தார்கள். மூடிய துணியை விலக்கிக் காட்டவில்லை.

முகம் காணாமல் புதைத்ததால் தாயாருக்கு அவர் இறந்தது முழுதும் இறந்ததாகவில்லை. காலமல்லாக் காலத்தில் இறந்தவர் பேயாய் அலைவர் என்று அக்கம்பக்கத்தார் வேறு சொல்லி வைத்தார்கள். ஒருவர் வந்து, பேயை வழியனுப்பத் தாயத்தும் பலியும் வேண்டும் என்று நட்டஈட்டுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோனார். அதற்குப்பின் ஆண்டுதோறும் மாளய அமாவாசையன்று தாயார் இலை போடுவார். கருவாட்டுக் குழம்பு, வாழைக்காய், ஒரு பீடிக்கட்டு. அச்சத்தால் போட்டாரோ, அன்பால் போட்டாரோ, இரண்டும் அவருக்கே தெரியாது.

1991-ஆம் ஆண்டு, பாபாசாகேப் நூற்றாண்டுக் காலத்தில், நாம் தீட்சை பெற்றோம். இருபத்திரண்டு வயது. உறுதிமொழிகள் இருபத்திரண்டையும் மனப்பாடமாகச் சொல்வோம். அவற்றுள் ஆறாவது, சிராத்தமும் பிண்டதானமும் செய்வதில்லை என்பதாகும். மறு ஆண்டு மாளய அமாவாசையன்று, மில்லிலிருந்து பகல் ஷிப்டு முடிந்து வந்த நாம், இலை போட்டிருக்கக் கண்டோம். அயலார் பார்த்திருக்க அவ்விலையைச் சோற்றோடு சுருட்டித் தெருவில் எறிந்தோம். ஆறாம் உறுதிமொழியை உரக்கச் சொன்னோம். பகுத்தறிவு வென்றது என்று மார்பு நிமிர்த்தி நின்றோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் கிடந்த சோற்றை ஒருமுறை பார்த்தார்; “உங்கப்பா வெளியிலே நிக்கிறாருடா; உள்ளே கூப்பிட எனக்கு இனிமே வாய் இல்லே” என்றார். அன்று அவர் உண்ணவில்லை. மறு ஆண்டிலிருந்து இலை போடவுமில்லை. ஆனால் ஒவ்வோர் அமாவாசை இரவும், மின்விளக்கை அணைத்துவிட்டு, வாயிற்படியில் தனியே அமர்ந்திருப்பார். பதினோராண்டுகள் அவ்வாறு அமர்ந்தார். நாம் உள்ளே தன்ம நூல் படித்துக்கொண்டிருந்தோம்.

உபாசகர்களே, பேயைப் பற்றிப் பகவன் தன்மம் கூறுவது யாது என்று நாம் மெய்யாகப் படிக்கத் தொடங்கியது வேலை போனபின்புதான். நம் தமிழிலேயே முதல் பாடம் இருந்தது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்றொரு பகுதி உண்டு. புகார் நகரத்துச் சுடுகாட்டை அதைப்போல் வேறெவரும் எழுதியதில்லை. சுடுவோர், இடுவோர், தாழியில் கவிப்போர் எனப் பலவகை மக்களும் தத்தம் வழக்கப்படி இறந்தோரைக் கொண்டுவரும் இடம். நரியும் ஆந்தையும் கழுகும் நிறைந்த இடம். அங்கே சார்ங்கலன் என்னும் இளைஞன் இரவில் அறியாது தனியே புகுந்தான். பிணத்தின் தலையை ஏந்திக் கூத்தாடும் பேய்மகளைக் கண்டான். நடுங்கி ஓடிவந்து, தாய் கோதமையிடம் பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு இறந்தான். கோதமை கிழவி, கணவனும் கண் இழந்தவன். மகனைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் கோட்டத்து வாயிலுக்குப் போய், நகரத்துக் காவல் தெய்வமாகிய சம்பாபதியைக் கூவினாள். உன் எல்லையில் பேய் என் மகனைத் தின்றது, நீ காவலா என்று கேட்டாள்.

தெய்வம் சொன்ன விடையைச் சிந்தியுங்கள். பேய் எவர் உயிரையும் உண்பதில்லை. உன் மகனுடைய அறியாமை வாயிலாயிற்று, அவன் வினை அவனைக் கொண்டுபோயிற்று என்றது. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு அணித்தாகத் தமிழ்ப் பௌத்தப் புலவன் ஒருவன், ஒரு தெய்வத்தின் வாயாலேயே, பேய் கொல்லாது என்று சொல்ல வைத்தான்! கோதமை விடவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுயிரைத் தா என்றாள். உயிருக்கு உயிர் மாற்றலாமாயின், அரசர்க்காக உயிர் கொடுப்பார் எத்துணைப் பேர் இருக்கின்றனர், அவ்வாறிருக்க இச்சுடுகாட்டில் அரசரின் கோட்டங்கள் ஆயிரக்கணக்கில் நிற்பது ஏன் என்று தெய்வம் வினவியது. அதற்கும் அடங்காமல், வரம் கொடுக்கும் தேவர் உண்டென்று மறையோர் கூறுவரே என்று அவள் மன்றாட, சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அழைத்து நிறுத்தியது. அனைவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். அதன்பின்னரே கோதமை துயர் நீங்கி மகனை ஈமத்தில் இட்டாள்.

இங்கு நம்மை உறுத்திய இடம் ஒன்று உண்டு. அத்தெய்வம் அக்கிழவியைக் கடிந்து துரத்தவில்லை. நள்ளிரவில் வந்து நின்றது. வாதத்துக்கு வாதம் விடை சொன்னது. அவள் கேட்கும் சான்று அனைத்தையும் வரவழைத்துக் காட்டியது. நாம் நம் தாயாருக்கு ஒரு சான்றும் காட்டவில்லை; ஓர் இலையை எறிந்தோம்.

அச்சத்தைப் பற்றிப் பகவன் தம் வாழ்வையே சான்றாகக் காட்டியுள்ளார். மச்சிம நிகாயத்துப் பயபேரவ சூத்திரத்தில், ஜாணுஸ்ஸோணி என்னும் பிராமணருக்கு அவர் கூறுவது இது. போதி பெறுவதற்கு முன், சதுர்த்தசி, பதினைந்தாம் நாள், அட்டமி ஆகிய இரவுகளில், மக்கள் அஞ்சும் வனக்கோயில்களிலும் மரக்கோயில்களிலும் வேண்டுமென்றே போய்த் தங்கினார். மான் ஒன்று வரும். மயில் சுள்ளியை உதிர்க்கும். காற்று சருகை அசைக்கும். இதோ அச்சம் வருகிறது என்று உணர்வார். நடந்துகொண்டிருக்கும்போது அச்சம் வந்தால் நடையிலேயே அதை வெல்வது, நின்றால் நிலையிலேயே வெல்வது, அதற்குமுன் உட்காருவதில்லை, படுப்பதில்லை என்று இருந்தார். தாயத்து இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, பூசணிக்காய் இல்லை. சருகின் ஓசையைச் சருகின் ஓசை என்று அறியும்வரை அதே இடத்தில் இருந்தார். பெங்களூர் மாணவியின் முகமூடியும் ஒருவகையில் இதற்கு ஒரு சிறு பயிற்சியே. அஞ்சும் உருவைத் தானே அணிந்து சிரித்துப் பார்க்கிறாள். அதை நாம் தடுக்கவில்லை. செலவு மட்டும் சற்று மிகுதி.

அச்சம் அவ்வாறு தீர்ந்தது. அன்பு எவ்வாறு தீரும்? அது தீர்க்கவேண்டிய நோயா?

2003-ஆம் ஆண்டு கோடையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்தக பாடத்தின் ஆங்கிலப் பெயர்ப்பை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தோம். திரோகுட்ட சூத்திரம் வந்தது. அப்பெயருக்குச் சுவருக்கு வெளியே என்பது பொருள். கையிலிருந்த நூலை மூடிவிட்டோம். பதினோராண்டுகளுக்கு முன் எழுத்தறியாத நம் தாயார் சொன்ன சொல் அல்லவா அது?

அதற்கு உரையாசிரியர் கூறும் வரலாறு: மகத மன்னன் பிம்பிசாரன் பகவனுக்கும் சங்கத்துக்கும் தானம் அளித்தான். அன்றிரவு அரண்மனையைச் சூழ்ந்து கொடிய ஓலம் எழுந்தது. மன்னன் நடுங்கி, விடிந்ததும் பகவனிடம் ஓடினான். அவர்கள் உன் முற்பிறப்புச் சுற்றத்தார், பகைவர் அல்லர். முன்னொரு புத்தர் காலத்தில் சங்கத்துக்கென்று சமைத்த உணவைத் தாமே உண்டு பிரேதராயினர். நீ தானம் செய்வாய், தம்மை நினைப்பாய் என்று நெடுங்காலம் காத்திருந்தனர். நேற்று நீ அவர்களை நினைக்கவில்லை, ஆதலின் ஓலமிட்டனர் என்றார் பகவன். மன்னன் மறுநாள் மீண்டும் தானம் செய்தான். நீரை வார்த்து, இஃது என் சுற்றத்தாருக்கு ஆகுக என்றான். நீர் வார்த்த கணமே அவர்களுக்குத் தாமரைப் பொய்கைகள் தோன்றின. உணவு அளித்தபோது உணவும், ஆடை அளித்தபோது ஆடையும் எய்தின.

கவனியுங்கள். ஓலமிட்டவரை விரட்ட மந்திரவாதி வரவில்லை. அவர் உன் உறவினர் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கென்று இலையில் இட்ட சோறு அவர்கள் வாய்க்குப் போனதாகவும் சொல்லப்படவில்லை. உயிரோடிருப்பார் ஒருவர்க்கு உணவு அளிக்கப்பட்டது. அந்த நன்மை பகிரப்பட்டது. மேல்நாட்டு ஏழையின் கையில் கொடுத்த ஆன்ம அப்பத்தை நினைவில் வையுங்கள் என்றோமே, அது இதற்குத்தான். சீனத்திலும் ஜப்பானிலும் மோக்கல்லானர் தம் தாயைப் பசியுலகினின்று மீட்ட கதையைச் சொல்லி ஆண்டுதோறும் இதே அறத்தைச் செய்கின்றனர்.

இறந்தவர் பிரேதராய்ப் பிறக்காமல் வேறிடத்தில் பிறந்திருந்தால் இந்தப் புண்ணியம் வீண்தானே என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். முன்னர்ச் சொன்ன அதே ஜாணுஸ்ஸோணிப் பிராமணர் இதையும் பகவனிடம் கேட்டிருக்கிறார். அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. நரகிலோ, விலங்கிலோ, மானிடரிலோ, தேவரிலோ பிறந்தவர் அவ்வவ்வுலகத்து உணவால் வாழ்வர். அவர்க்கு இது சேராது. நினைத்தவர் அங்கில்லையாயின் வேறு சுற்றத்தார் அங்கிருப்பர். இந்நெடிய பிறவிச் சுழலில் ஒருவனுடைய சுற்றத்தார் ஒருவரேனும் இல்லாதபடி அவ்விடம் வெறுமையாயிராது. அதற்கும் மேலாகக் கொடுத்தவன் பயனின்றிப் போவதில்லை. மிலிந்த மன்னன் கேட்டபோது நாகசேனரும் இதற்கு ஓர் உவமை சொன்னார்: உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோன பண்டத்தை அவர்கள் ஏற்காவிடில், அது கொண்டுபோனவனுடையதாகவே இருக்கும்.

அவ்வாறாயின் ஆறாம் உறுதிமொழி என்னாயிற்று? அது கல்லெழுத்தாய் நிற்கிறது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அதை வகுத்தது காரணத்தோடுதான். சிராத்தத்தில் பிண்டம் இடுபவன் இன்னான், உண்பவன் இன்னான், வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டியவன் இன்னான் என்று வருணம் வகுத்திருக்கிறது. நம்மவர் இறந்தபின்னும் வெளியே நிற்க வேண்டிய சடங்கை நாம் ஏன் செய்யவேண்டும்? அதைச் செய்யோம். பண்டிதர் அயோத்திதாசரும் தம் ‘தமிழன்’ இதழில் இவ்வழியே சென்றார். தீபாவளியை அசுரன் செத்த கதையினின்று மீட்டு, எள்நெய்யின் பயன் கண்டு மக்கள் நீராடிய நாள் என்றும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய் கண்ட நாள் என்றும் விளக்கினார். பண்டிகையை அவர் தெருவில் எறியவில்லை. பார்ப்பனக் கதையைக் களைந்துவிட்டு, அதனடியில் நம் முன்னோர் செய்த நன்மை ஏதும் உண்டா என்று தேடினார். பெரியோர்க்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அது.

அவ்வாண்டு மாளய அமாவாசையன்று நாம் தாயாரிடம் சென்று, படித்ததைச் சொன்னோம். பிம்பிசாரன் கதையை முழுதும் கேட்டார். முடிவில், “அப்போ அவரு வெளியிலே நிக்கிறது பொய்யில்லையே?” என்றார். நமக்குத் தெரிந்த விடையைச் சொன்னோம்: அப்பா எங்குப் பிறந்திருக்கிறார் என்று நாம் அறியோம், அவர் அங்கு இல்லாவிடினும் நம்மவர் யாரோ ஒருவர் நிற்கிறார், அவருக்காகச் செய்வோம் என்றோம். “இலையை நான்தான் எறிந்தேன்” என்றும் சொன்னோம். மன்னிப்பு என்ற சொல் அன்று நம் வாயில் வரவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. “சரி, அரிசி எவ்வளவு போடணும்?” என்று எழுந்தார்.

அக்காலத்து இங்கு வந்திருந்த பிக்கு ஒருவருக்கும், சுரங்கம் மூடியபின் அடுப்பெரியாத ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று சோறிட்டோம். கருவாட்டுக் குழம்பு தாயார் வைத்ததே. பீடிக்கட்டை மட்டும் விலக்கிவிட்டோம், அதில் அவருக்குச் சற்று மனக்குறைதான். பிக்கு ஓத, தாயார் செம்பிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்த்தார். கை நடுங்கியது. தந்தையாரின் பெயரை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக வாயால் சொன்னார். கணவன் பெயரைச் சொல்லலாகாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். நாமே அப்பெயரை அவர் குரலில் அன்றுதான் கேட்டோம். அன்றிரவு அவர் வாயிற்படியில் அமரவில்லை. அதற்குப்பின் ஆறாண்டுகள் வாழ்ந்தார். ஒவ்வோர் ஆண்டும் அவரே நீர் வார்த்தார்.

இன்றும் அதுவே நடக்கிறது. பின்கட்டில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைகள் மாலையில் இங்கே உண்பார்கள்; அவர்களுக்கு முதலில் இலை போடுக. வீட்டில் பாட்டியோ தாயோ படையல் கேட்டால் அவரைக் கடியாமல் இங்கே அழைத்து வருக. நீர் வார்க்கும் செம்பை அவர் கையில் கொடுக்கலாம். எவரேனும் தாயத்துக்கும் பலிக்கும் பணம் கேட்டு வந்தால் சங்கத்துக்குச் சொல்லியனுப்புக.

உங்கள் வீட்டு இறந்தோர் பெயரைத் தாளில் எழுதிக் கொடுங்கள். சுரங்கத்தில் இறந்தவர், தூசியால் இருமி இறந்தவர், மகப்பேற்றில் இறந்தவர், தாமே உயிரை மாய்த்துக்கொண்டவர் என்று பிரிக்க வேண்டாம். எவர் பெயரையும் விட வேண்டாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் எழுதிக்கொள்ள வாயிலில் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். பெங்களூரில் படிக்கும் பெண்ணும் அவர்களோடு அமர்ந்திருக்கிறாள். அவள் ஆயா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாள் இப்போதே இரண்டாம் பக்கம் போயிருக்கிறது.